ஏழாம் பாடத்துக்கு வரவில்லை

ஆமா தம்பி, கொரிய மொழிதான். உங்க காதுல சரியாத்தான் விழுந்துருக்கு. சனிக்கிழமைதோறும் காலையில பத்து மணிக்கு, இந்தா நீங்க ஒக்காந்துருக்கீகளே, இதே அறையில, இந்த அனாதை இல்லத்துப் பிள்ளைக பதினெட்டுப் பேருக்குக் கொரிய மொழி வகுப்பு நடந்துச்சு. எங்க கோம்பை ஊருன்னா இதுவரைக்கும் வேட்டை நாய்க்குத்தான் பேரு. இனிமே மொழிக்கும் பேரு வரட்டும்னு செயலர் ஐயா நெனச்சாக போலருக்கு.

கர்ணனா உங்க பேரு? கழுத்து அட்டையில போட்டுருக்கே. நல்ல பேரு. சமையக்கார ராமுத்தாய் டீ போடுது, குடிச்சுட்டு நிதானமா எழுதலாம். என்னது, சாயங்காலத்துக்குள்ள அறிக்கை போயிரணுமா? பேரு கர்ணன், ஒரு நாள் தவணை குடுக்க மனசு வரல பாருங்க. சரி, சரி, கோவிச்சுக்காதீக.

நீங்க வந்த காரணத்தை நானே சொல்லிர்றேன், சரியான்னு பாத்துக்கோங்க. இங்கன சேவைக்குன்னு வந்துக்கிட்டிருந்த ஹேமாவதி மேல ரெண்டு குத்தம். ஒண்ணு, பிள்ளைகளுக்குக் கெட்ட வார்த்தை சொல்லிக்குடுத்தா. அது நான் கைப்பட எழுதிக் கீழ கிளாரான்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்த புகார். ரெண்டாவது, முனீஸ்வரிங்கிற ஆறு வயசுப் பிள்ளையக் கன்னம் வீங்க அடிச்சுப்புட்டா. அது இல்லத்துச் செயலர் இஞ்ஞாசிமுத்து ஐயா பதிவேட்டுல எழுதி வச்சது. மூணு வாரமா அந்தப் பொண்ணு இங்கன காலடி வைக்கக் கூடாதுன்னு நிப்பாட்டி வச்சுருக்காக. ரெண்டையும் விசாரிச்சு எழுதத்தான் தேனி குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுல இருந்து உங்களை அனுப்பிருக்காக. சரிதான?

ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அறிக்கையில அவ பேரு வந்துட்டா என்னாகும்? ம். போலீசு குடுக்குற நன்னடத்தைச் சான்று வராது. வெள்ளிக்கிழமைக்குள்ள அது போகலைன்னா கொரியாவுல காலேசு எடமும் இல்ல. அவுக அம்மா முத்துலட்சுமி நேத்து கேட்டுக்கு வெளியவே நின்னு இதையேதான் சொல்லிச்சு. உள்ள வான்னு கூப்பிட்டேன், வரல. நீங்களும் அதே கணக்காச் சொல்றீக. அப்ப நெசந்தான்.

அந்த வார்த்தை காதுல விழுந்துச்சான்னு கேட்டீக. விழுந்துச்சு. என் காதுலதான் மொத மொத விழுந்துச்சு. அதைச் சொல்லணும்னா அந்தப் பொண்ணு வந்த கதையில இருந்துதான் சொல்லியாகணும். நாலு மாசக் கதை. டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன்.

அல்லிநகரத்துப் பொண்ணு. அப்பா மோட்டார் சாமான் கடை வச்சுருக்காக. இது பி.காம் படிச்சுட்டு, வீட்டுல ஒக்காந்து கொரிய நாடகமாப் பாத்து, மாப்பிள்ளை பாக்குற நேரத்துல எனக்கு மேல்படிப்பு கொரியாவுலதான்னு நின்னுருச்சு. உதவித்தொகைக்கு எழுதிப்போடணும்னா எங்கனயாவது சேவை செஞ்சதாச் சான்று வேணுமாம். நூறு மணி நேரம். பாத்தீகளா, ஏழை எளியவுகளுக்கு இரங்குறதுக்குக்கூட இப்ப மணிக்கணக்கு இருக்கு. நெத்தி மறைய முடியக் கத்திரிச்சு விட்டுக்கிட்டு, ஸ்கூட்டியில வந்து எறங்குனா. எனக்கு ஒரு கும்பிடு போடுவான்னு பாத்தேன். இடுப்போட மடங்கி ஒரு குனி குனிஞ்சா பாருங்க, ஏதோ கீழ விழுந்துருச்சு போல, தேடுறான்னு நானும் சேந்து தேடுனேன்.

என்ன சொல்லிக்குடுப்பன்னு கேட்டதுக்கு, எனக்குத் தெரிஞ்சது கொரியன்தான் டீச்சர், சொல்லிக்குடுத்தா எனக்கும் மனசுல நிக்கும்னா. ஒளிவு மறைவு இல்லாத பொண்ணு. நானா இருந்தா அதைச் சொல்லிருக்க மாட்டேன்.

மறு வாரத்துல இருந்து பாக்கணுமே கூத்தை. பிள்ளைக பூராம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து என் முகத்துக்கு நேரா நீட்டுதுக. மூக்குப்பொடி போடப் பழகிக்குடுத்துட்டாளோன்னு பதறிட்டேன். அன்பு காட்டுற அடையாளமாம். வணக்கத்துக்கு என்னமோ ஒரு நீட்டமான வார்த்தை. இதுக வாயில அது அண்ணியோங் ஆசையோன்னு வருது. எந்த அண்ணிக்கு என்ன ஆசைன்னு எனக்கு இன்னமும் வெளங்கல. நன்றின்னு சொல்றதுக்குக் கம்சாஹம்னிதா. ராமுத்தாய் சோறு போடுறப்ப ஒரு பிள்ளை அதைச் சொல்ல, கம்மஞ்சோறுக்கு நான் எங்கடி போவேன், இன்னைக்கு அரிசிச்சோறுதான், பேசாமத் தின்னுன்னு அது பாட்டுக்குக் கரண்டியத் தட்டிட்டுப் போகுது.

சிரிக்கிறீக. நான் சிரிக்கல தம்பி. அவ வகுப்பு முடிஞ்சு பதினொண்ணரைக்கு என் தமிழ் வகுப்பு. பதினோரு வருசமா நடக்குது, சம்பளம் கெடையாது, சான்றிதழும் கேட்டதில்ல. அவ வகுப்புல சிரிச்சுக் குதிச்ச பிள்ளைக, நான் உள்ள வந்ததும் மழையில நனைஞ்ச கோழியா ஒக்காருதுக. முப்பத்தாறு வருச சர்வீசு எனக்கு. ராயப்பன்பட்டிப் பக்கம் எந்த வீட்டுல கேட்டாலும் கிளாரா டீச்சர்கிட்டப் படிச்சவுக ஒருத்தராவது இருப்பாக. ஓய்வுபெற்ற அன்னைக்குப் பிரம்பு எடுக்காத ஆசிரியைன்னு எழுதி ஒரு கேடயமே குடுத்தாக. பிரம்பு எடுக்கலதான். நாக்கு இருக்கையில பிரம்பு எதுக்கு?

அதனால ஒரு முடிவு பண்ணுனேன். இவ என்னதான் சொல்லிக்குடுக்குறான்னு பாத்துருவோம். தப்பு இருக்குற எடத்தைக் கண்டுபிடிச்சு ஒரே குத்தாக் குத்தி அனுப்பிருவோம்னு, ஒரு நோட்டும் பேனாவுமாக் கடைசி பெஞ்சுல போயி நானும் ஒக்காந்தேன். வேவு பாக்கத்தான். கல்வி ஆர்வம் ஒண்ணும் கெடையாது. அவளுக்கு வாயெல்லாம் பல்லு. டீச்சரும் படிக்க வந்துட்டாகன்னு பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னா. வேவுகாரிக்குக் கைதட்டு விழுந்தது இந்த ஊருல எனக்குத்தான் தம்பி.

எழுத்தாவது, எழுத்து. நம்மகிட்ட இருநூத்து நாப்பத்தேழு இருக்கு, அவுகளுக்குக் குச்சியும் வட்டமும்தான். தீப்பெட்டியக் கொட்டி விட்ட மாதிரி கெடக்கு. அப்பிடித்தான் மொத வாரம் நெனச்சேன். ரெண்டாவது வாரம் அவ சொல்றா, ககரத்தைச் சொல்றப்ப நாக்கு உள்ள எப்பிடி மடங்குதோ, அந்த மடிப்பையே எழுத்தாப் போட்டுருக்காகன்னு. எந்திரிச்சு நின்னுட்டேன். எழுத்து எங்கன பொறக்குது, நாக்கு எங்கன படுது, ஒதடு எப்பக் கூடுதுன்னு நம்ம இலக்கணம் பக்கம் பக்கமாச் சொல்லுது. நானும் முப்பத்தாறு வருசம் அதை மனப்பாடம் பண்ண வச்சேன். அங்க எவனோ ஒருத்தன் அதைப் படமா வரைஞ்சு வச்சுட்டான். அவகிட்டச் சொல்லல. ம், பரவால்லன்னு மட்டும் சொன்னேன். வீட்டுக்குப் போயி ராத்திரிச் சாப்பாட்டை மறந்துட்டு எழுதிப் பாத்தது வேற விசயம்.

அப்பிடி ஆறு பாடம். ஒண்ணுகூட விடல. ஏழாம் பாடத்தன்னைக்கு லோயர் கேம்ப்ல எங்க நாத்தனா வீட்டுப் பிள்ளைக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்குற பூசையும் விருந்தும். போகலைன்னா அஞ்சு வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவாக. போனேன். அந்த ஒரு நாள்தான் தம்பி நான் வகுப்புக்கு வரல.

இப்ப இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்க, உங்க அறிக்கைக்கு வேணும். இந்த இல்லத்துல ஒரு விதி இருக்கு. அந்தா, வாசக்கதவுக்கு மேல எழுதி மாட்டிருக்கு பாருங்க. பிள்ளைகள் யாரையும் அம்மா என்று அழைக்கக் கூடாது; அக்கா, மிஸ், டீச்சர் என்று மட்டுமே அழைக்க வேண்டும். கல்நெஞ்சக்காரி யாரோ எழுதிருக்கான்னு தோணுதுல்ல? நான்தான் எழுதுனேன். இங்க ஜோதிலட்சுமின்னு ஒரு வார்டன் இருந்துச்சு. பிள்ளைக பூராம் அதை அம்மா அம்மான்னு சுத்திக்கிட்டு வரும். கல்யாணம் ஆச்சு, போயிருச்சு. அது போகத்தான வேணும், தப்புச் சொல்ல முடியுமா? ஆனா ஞானசெல்வின்னு ஒரு பிள்ளை ஒம்பது நாளு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. சோறு எறங்கல. ஒரு பிள்ளை எத்தனை தடவைதான் தாயை எழக்கும்? அதுக்குத்தான் நிர்வாகக் குழுவுல நான் பேசி, நானே எழுதி, நானே ஆணியடிச்சு மாட்டுனேன். இப்பக் கேட்டாலும் அது சரிதான்னுதான் சொல்லுவேன்.

எனக்கும் அம்மாங்கிற வார்த்தை பழக்கமில்ல பாருங்க. தமிழாசிரியை பெத்த பிள்ளை என்னைய மம்மிம்பான். எட்வினு, பெங்களூருல இருக்கான். அவுக அப்பா மூணு வயசுலயே இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல கொண்டு போயிச் சேத்தாக, அவன் வாயி அப்பிடியே நின்னுருச்சு. ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் தாய்மொழி சொல்லிக்குடுத்தவ வீட்டுல மம்மி. நல்லாத்தான் இருக்குல்ல?

முனீஸ்வரிக்கு வர்றேன். அது என்கிட்ட ஒட்டுற பிள்ளை. ஏன்னு கேக்காதீக, நான் எதுவும் செஞ்சதில்ல. மத்ததுக எல்லாம் தூரத்துல நிக்கும், இது வந்து சேலை முந்தியப் பிடிச்சு விரல்ல சுத்திக்கிட்டு நிக்கும். ரெண்டு மூணு தடவை அம்மான்னு வாய் தவறிச் சொல்லிருக்கு. அம்மா இல்ல, டீச்சர். சொல்லு, டீச்சர்னு திருத்துவேன். ஒரு நாள் டீச்சர்ங்கிறதை இருபது தடவை எழுத வச்சேன். ஆறு வயசுக்கு அந்த ரெண்டு சனாவுல எதுக்குப் புள்ளி வைக்கிறதுன்னு தெரியாம, வேர்த்து வேர்த்து எழுதுச்சு. எழுதி முடிச்சுட்டு, சரியா டீச்சர்னு கேட்டுச்சு. சரின்னேன். பதினோரு வருசத்துல நான் போட்ட சரி எத்தனையோ.

ஏழாம் பாடம் நடந்ததுக்கு அடுத்த சனிக்கிழமை. கொரிய வகுப்பு முடிஞ்சு, ஹேமாவதி வெளிய வராந்தாவுல ரெண்டு பிள்ளைகளுக்குத் தலை சீவிக்கிட்டிருந்தா. நான் இங்கன, இந்த மேசையில, சொல்வதை எழுதுதல் நோட்டுகளைத் திருத்திக்கிட்டிருக்கேன். முந்திய யாரோ இழுக்குறாக. திரும்புனா முனீஸ்வரி. முகத்தை நிமுத்தி, கண்ணை விரிச்சு, ரகசியம் சொல்ற மாதிரி மெதுவாச் சொல்லுது. ஒம்மா.

நீங்க மதுரைப் பக்கமா? அப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நம்ம ஊருத் தெருவுல ஒருத்தன் ஒம்மான்னு ஆரம்பிச்சா, அடுத்து என்ன வரும்னு தெரியும். கேட்டுட்டுப் பொம்பளைக காதைப் பொத்திக்கிட்டுத்தான் போவாக. அந்த வார்த்தை ஆறு வயசுப் பிள்ளை வாயில, என் முகத்துக்கு நேரா, சிரிச்சுக்கிட்டே. யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டேன். பெருமையாச் சொல்லுச்சு, ஹேமாக்கா. இன்னொரு தடவை வேற சொல்லிக் காட்டுச்சு, நான் சரியாக் கேக்கலையோன்னு.

அன்னைக்கு மத்தியானமே புகாரை எழுதிட்டேன். சேவை என்ற பெயரில் இல்லத்துக்குள் நுழைந்து, பிஞ்சு நெஞ்சங்களில் நஞ்சை விதைக்கும் இழிசெயல். படிச்சிருப்பீக. எதுகை மோனையெல்லாம் சரியா விழுந்துருக்கும். கோவத்துல எனக்கு நடை நல்லா வரும்.

அதே மத்தியானந்தான் சோறு போடுறப்ப ராமுத்தாய் பிள்ளையோட கன்னத்தைப் பாத்துட்டு இஞ்ஞாசிமுத்து ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டுச்சு. ஐயா உடனே பதிவேட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாக. யாரு அடிச்சதுன்னு பிள்ளையக் கேட்டாக. அது என்ன சொல்லுச்சு, வாசிங்க. பக்கம் நாப்பத்தொண்ணு. ம், அதுதான். குழந்தையை விசாரித்ததில், விசாரித்த என்னையும் மேற்படி இழிசொல்லால் ஏசியது. மீண்டும் கேட்டதற்கும் அதே சொல்லையே கூறியது. பெறகு ஐயா பாத்தாக. என் புகார் ஒரு கையில, பதிவேடு ஒரு கையில. கெட்ட வார்த்தை சொல்லிக்குடுத்தவதான் அடிச்சும் இருப்பான்னு ரெண்டையும் ஒண்ணாச் சேத்து முடிச்சுப் போட்டாக. நான் அடிக்கலன்னு அந்தப் பொண்ணு அழுதுருக்கு. அப்ப யாருன்னு ஒருத்தரும் கேக்கல. பாவம், அவளுக்கும் தெரியாது. அவதான் வராந்தாவுல இருந்தாளே.

போன வியாழக்கிழமை இந்த அலமாரிய ஒதுங்க வைக்கிறப்ப அவளோட புஸ்தகம் கெடைச்சுச்சு. அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்கா. புகாருக்கு ஆதாரம் சேக்கலாம்னு எடுத்துப் பொரட்டுனேன். பொய் சொல்லல, அதுக்குத்தான் எடுத்தேன். ஏழாம் பாடம். குடும்பம்னு தலைப்பு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு நடத்துறதுக்கு நல்ல பாடம்தான், புஸ்தகம் போட்டவுகளுக்கு இந்த இல்லம் தெரியுமா என்ன. பக்கம் பூராம் படம். ஒரு படத்துல குட்டை முடி வச்ச பொம்பளை, இடுப்புல பிள்ளை. கீழ ரெண்டே எழுத்து.

ஆறு பாடம் படிச்சவ நான். எழுத்துக் கூட்டத் தெரியும். மொதல்ல வட்டம், அதுக்குச் சத்தம் கெடையாது. பக்கத்துல குச்சி, அது அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவுல ஒரு ஒலி, நம்ம வாயில ஒகரமாத்தான் விழும். கீழ மகரம், ஒதடு ரெண்டும் கூடிப் பொறக்குறது. அப்பறம் இன்னொரு மகரம், ஆகாரம். மூணு தடவை கூட்டுனேன் தம்பி. மூணு தடவையும் அதேதான் வந்துச்சு.

ஒம்மா.

அவுக ஊருல அம்மான்னு அர்த்தம்.

எழுதாதீக, இருங்க. இன்னும் முடியல. கேளுங்க. விதி என்ன சொல்லுது? அம்மான்னு கூப்பிடக் கூடாது. தமிழ்ல எழுதி மாட்டுன விதி. அந்தப் பிள்ளை விதிய மீறல. எம்புட்டுப் புத்தி பாத்தீகளா. நான் ஆணியடிச்ச கதவுல பூட்டு இல்லாத எடமாப் பாத்து ஒரு சந்து கண்டுபிடிச்சுருக்கு. அதைக் கொண்டாந்து மொதல்ல என்கிட்டத்தான் காட்டிருக்கு. இலக்கணம் படிச்சவுக ஒருத்தரும் போன வியாழக்கிழமை வரைக்கும் அதைக் கண்டுபிடிக்கல.

அந்தப் பிள்ளை இப்ப எங்கன்னா கேக்குறீக? பள்ளிக்கூடம் போயிருக்கு. நாலரைக்கு வரும். பேசலாம், ஆனா ஒண்ணும் சொல்லாது. என்கிட்டயும் இப்ப முந்தியப் பிடிக்கிறதில்ல. ஆனா டீச்சர்னு சரியாச் சொல்லுது. சுத்தமாச் சொல்லுது. இருபது தடவை எழுதி வராத உச்சரிப்பு இந்த மூணு வாரமாப் பிசிறில்லாம வருது.

நாப்பத்தொண்ணாம் பக்கத்தை இப்ப மறுபடி வாசிங்க தம்பி. மனசுக்குள்ளயே வாசிங்க. யாரு அடிச்சதுன்னு கேட்டாக. பிள்ளை ஐயாவை ஏசல. ரெண்டு தடவை கேட்டாக, ரெண்டு தடவையும் ஒழுங்காத்தான் பதில் சொல்லிருக்கு.

இந்த இல்லத்துல எல்லாரையும் கேட்டாக. ராமுத்தாயைக் கேட்டாக, தோட்டக்காரன் பேச்சிமுத்தைக் கேட்டாக, ஹேமாவதிய மூணு தடவை கேட்டாக. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல. கிளாரா டீச்சரையா, சேச்சேன்னுட்டாக. நீங்களும் கேக்கல. அந்த வார்த்தை காதுல விழுந்துச்சான்னுதான் கேட்டீக. அதுக்கு நான் விழுந்துச்சுன்னேன். ரெண்டு பேரும் பொய் சொல்லல.

இப்ப எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோங்க, உங்க வசதிக்கு மாத்தாதீக. கிளாரா ஆகிய நான், வயது அறுபத்து மூன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஹேமாவதி எந்தக் கெட்ட வார்த்தையும் சொல்லித்தரவில்லை. எவரையும் அடிக்கவும் இல்லை. எழுதிட்டீகளா? முனீஸ்வரி என்னும் ஆறு வயதுக் குழந்தையை, அவள் என்னை அழைத்த ஒரு சொல்லுக்காக, வலது கையால் இடது கன்னத்தில் அறைந்தேன். ஒரு முறை இல்லை, இரு முறை.

ஏன் நிப்பாட்டிட்டீக? எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தச் சான்று போகணும்.

எங்க, காட்டுங்க பாப்போம், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி. என்ன தம்பி, அரைந்தேன்னு எழுதிருக்கீக. அரைக்கிறது மாவை. நான் செஞ்சதுக்குப் பெரிய ற போடணும். அழிக்காதீக, பேனாவுல எழுதுனது அழியாது. அடிச்சாச்சுன்னு தெரியட்டும். அடிச்சுட்டுப் பக்கத்துலயே திருத்தி எழுதுங்க.